பழைய பூச்சட்டியில் புதிய செடி வைப்பதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வாசலில் பூச்சட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் இருந்த காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. கறிவேப்பிலையும் கத்திரியும் முருங்கையும் தரையிலேயே வளர்ந்தன. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, சிமெண்டு பூசிய வாசலில் மண் என்று ஒன்று இருந்தால் அது சட்டிக்குள்தான் இருக்கிறது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய மண்சட்டி, காலியான பெயிண்ட் வாளி, மீன் கடையில் கேட்டு வாங்கி வந்த ஸ்டைரோஃபோம் பெட்டி, செம்பனை நாற்றங்காலில் மிஞ்சிய கறுப்புப் பாலிபேக் என்று எதையும் நாம் வீசுவதில்லை. ஒரே சட்டியில் இந்த ஆண்டு சிலிப்பாடி மிளகாய், அடுத்த ஆண்டு தக்காளி, அதற்குப் பிறகு கத்திரி என்று நடவு மாறிக்கொண்டே போகிறது.

ஒரு செடி பட்டுப்போனால் மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிய மண்ணை நிரப்பி அடுத்த கன்றை வைத்துவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். மண்ணை மாற்றிவிட்டால் நோயும் மாறிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் சட்டியைச் சேர்ப்பதில்லை என்பதுதான் கோளாறு. புதிய மண், புதிய கன்று, நல்ல உரம் எல்லாம் இருந்தும் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது என்றால், மண் விற்றவரைத் திட்டுவதற்கு முன் சட்டியின் உட்சுவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மண்ணைக் கொட்டிய கையோடு சட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்சுவர் முழுவதும் மெல்லிய வேர்கள் பழுப்பு நிறத்தில் ஒட்டிப் பரவியிருக்கும். அடியில் தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி அந்த வேர்களே திரண்டு, விரலால் இழுத்தாலும் வராத கெட்டியான வளையமாக இறுகியிருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடைக்குக் கீழே, மண் மட்டம் இருந்த இடத்தில், வெள்ளையும் மஞ்சளுமாக ஓர் உப்புக் கோடு ஓடும். சில சட்டிகளில் சுவரோரமாகப் பஞ்சுத் துணுக்குகளைப் போல வெண்மையான ஒன்று ஒட்டியிருப்பதும் உண்டு. அதைப் பூஞ்சணம் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேரில் வாழும் மாவுப்பூச்சியின் கூடும் முட்டையுமாக இருக்கும். புதிய மண்ணைப் போட்ட சில வாரங்களில் அது புதிய வேருக்கு இடம் மாறிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் பொல்லாதவை. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா, வேரழுகலுக்குக் காரணமான பைட்டோஃப்தோரா, வாடல் நோயைத் தரும் ஃபியுசேரியம் ஆகியவை செடி செத்த பிறகும் தடித்த உறை கொண்ட வித்துகளாகவோ இறுகிய பூசண உருண்டைகளாகவோ ஒட்டியிருக்கும் வேர்த்துணுக்குகளிலும் மண்ணிலும் உறங்கிக் கிடக்கும். ஈரமும் இளவேரும் கிடைத்தவுடன் விழித்துக்கொள்ளும். இவற்றுள் பித்தியமும் பைட்டோஃப்தோராவும் தண்ணீரில் நீந்தக்கூடிய வித்துகளை வெளியிடுபவை என்பதால், சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரும் நோயைச் சுமக்கும். சட்டியைக் கழுவுபவர்கள் தட்டை மறந்துவிடுவது வழக்கம். சட்டிக்குச் செய்யும் எல்லாவற்றையும் தட்டுக்கும் செய்ய வேண்டும்.

மிளகாய், தக்காளி, கத்திரி வளர்ப்பவர்களுக்கு ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா கொண்டுவரும் வாடல் நோய் தனித் தொல்லை. காலையில் நிமிர்ந்து நின்ற செடி நண்பகலில் இலைகளைத் தொங்கவிடும். சில நாட்களில், இலை மஞ்சளாகக்கூட மாறாமல், பச்சையாகவே சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் தண்டின் நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். நோய் அதுவாக இருந்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவதைப் போன்ற வெண்ணிற இழை நீருக்குள் இறங்கும். அந்த இழை முழுவதும் பாக்டீரியாதான். அதைப் பார்த்துவிட்டால் சட்டியைக் கழுவும் வேலையை அலட்சியமாகச் செய்ய மனம் வராது.

புகையிலை மொசைக் வைரஸ் இன்னொரு வகை. காய்ந்த இலைத்துணுக்கிலும் சட்டியின் சுவரிலும் வேலை செய்த கையிலும் அது நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பெரியவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும் அதே கையோடு தக்காளிக் கன்றைத் தொட்டால், புகையிலையிலிருந்தே நோய் செடிக்குத் தாவக்கூடும். செடியைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொன்னால் எங்கள் தெருவில் சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பழைய வேர் புதிய செடியைக் கெடுக்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால்மரக் காட்டை அழித்து மறுநடவு செய்யும்போது அடிக்கட்டைகளையும் வேர்களையும் தோண்டி எடுப்பது வீண் வேலையன்று. வெள்ளை வேர் நோய் மண்ணில் புதைந்த பழைய கட்டையில் தங்கியிருந்து, இளங்கன்றின் வேர் அதைத் தொட்டவுடன் ஏறிக்கொள்ளும். செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மாவும் அப்படியே. விட்டுவைத்த அடிமரமும் வேர்த்திரளும் அடுத்த தலைமுறை மரங்களுக்கு நோயைக் கைமாற்றுகின்றன. பல ஏக்கரில் நடக்கும் அதே காரியம்தான் பத்து அங்குலச் சட்டிக்குள்ளும் நடக்கிறது. கட்டையைத் தோண்டச் சொன்ன தோட்டத்து அறிவை வாசலுக்கு வந்ததும் நாம் மறந்துவிடுகிறோம்.

சட்டியைச் சுத்தம் செய்வது என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மருந்துதான். என் அபிப்பிராயத்தில் மருந்துக்கு இரண்டாம் இடம்; முதல் இடம் தேய்ப்பதற்கு. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: “ஏன் தம்பி, குளோரோக்ஸ ஊத்தி ஒரு அலசு அலசுனா போதாதா? எதுக்கு இவ்ளோ நேரம் தேச்சிக்கிட்டு இருக்கீங்க?”

“அழுக்கு மேல ஊத்துனா அது அழுக்கோடயே மல்லுக்கட்டி ஓஞ்சிடும்க்கா, கிருமி வரைக்கும் போகாது” என்றேன்.

விஷயம் அவ்வளவுதான். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீரில் உள்ள குளோரின் எதைத் தொட்டாலும் அதோடு வினை புரிந்து தீர்ந்துவிடும் இயல்புடையது. மண், இலைச்சருகு, வேர்த்துணுக்கு, பாசி ஆகியவை இருந்தால் முதலில் அவற்றோடு வினை புரிந்து தன் வலிமையை இழக்கும். அழுக்குக்கு அடியில் பதுங்கியிருக்கும் வித்துகள் தப்பித்துக்கொள்ளும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய சட்டியில் மருந்து போடாமல் விட்டால்கூடப் பெரும்பகுதி ஆபத்து நீங்கியிருக்கும். தேய்க்காமல் மருந்து மட்டும் போட்ட சட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே மண்ணைக் கொட்டியதும் சட்டியை உடனே நனைத்துவிடாமல் ஓரிரு நாட்கள் மழை படாத இடத்தில் காயவிடுகிறேன். ஈர மண் சேறாகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். காய்ந்த மண்ணோ தட்டினாலே உதிரும், ஒட்டிய வேர்களும் உரிந்து வரும். வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுக்களின் முட்டைகளும் ஈரமில்லாமல் நன்றாகக் காய்ந்தால் பெரும்பாலும் அழிந்துபோகும். அதன் பிறகு பழைய தோசைக்கரண்டியாலோ மரத்துண்டாலோ சுவரைச் சுரண்டி, வடிதுளையைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் நனைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். கடையில் விற்கும் பிரஷைவிடத் தேங்காய் நார் வளைவுகளில் நன்றாக இறங்கும். பிளாஸ்டிக் சட்டியில் கீறலும் விழாது. கம்பி நாரைப் பிளாஸ்டிக்கில் போடக் கூடாது. கீறல்களே அழுக்கும் பாசியும் அடுத்தமுறை பிடித்துக்கொள்ளும் இடமாகிவிடும்.

உப்புக் கோட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். அது பெரும்பாலும் நாம் போட்ட உரத்தின் எச்சம். தோட்டத்துப் பழக்கமோ என்னவோ, நம் ஆட்கள் உரம் என்றால் கை நிறைய அள்ளுவார்கள். நீல நிறத்தில் வரும் 12-12-17 குருணையைச் சின்னச் சட்டிக்குக் கரண்டி கரண்டியாகப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். செடிக்குத் தேவைப்படாத உப்பு நீரோடு சட்டியின் சுவருக்கு நகர்ந்து, நீர் ஆவியானதும் அங்கேயே படிந்துவிடும். மண்சட்டியில் அது சுவரைக் கடந்து வெளிப்புறத்திலும் பூக்கும். இந்தப் படிவு நோய்க்கிருமி அன்று. ஆனால் இளந்தண்டோ வேரோ அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் கருகும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அதில் சட்டியை அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகிவரும். மண்சட்டியில் பச்சையாகப் படரும் பாசியால் செடிக்குக் கேடில்லை. பார்வைக்குப் பிடிக்காவிட்டால் தேய்த்துவிடலாம், பிடித்தால் வெளிப்புறத்தில் விட்டுவைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வினிகர் வேலை முடிந்ததும் சட்டியைத் தண்ணீரில் நன்றாக அலசாமல் வெளுப்பு நீருக்குள் போடவே கூடாது. அமிலமும் வெளுப்பு நீரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும். கழிப்பறை கழுவும் அமில திரவங்களுக்கும் இதுவே பொருந்தும். அம்மோனியா கலந்த தரைத் துடைப்பான்களோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். இன்னும் கொஞ்சம் சுத்தமாகட்டும் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை அறவே விட வேண்டும். குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்து, காற்றோட்டமான வெளியிடத்தில், கையுறை அணிந்து செய்யுங்கள். மேலே தெறித்தால் சட்டை வெளுத்துவிடும் என்பதால் பழைய துணி உடுத்துவது உத்தமம்.

வெளுப்பு நீர் என்று நான் சொல்வது, எந்த நிறுவனம் செய்திருந்தாலும் நம் ஊரில் குளோரோக்ஸ் என்றே பெயர் சொல்லிக் கேட்கும், சோடியம் ஹைப்போகுளோரைட்டு ஏறத்தாழ 5 விழுக்காடு கொண்ட சாதாரண வெளுப்பு நீரைத்தான். வண்ணத் துணிகளுக்கென்று விற்கப்படும் வகைகளில் பெரும்பாலும் குளோரின் இருக்காது. புட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, சட்டி முழுவதும் மூழ்கும்படி பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். மிதந்து மேலே வரும் பிளாஸ்டிக் சட்டியின்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிடலாம். மேலாகத் தெளித்துவிட்டு உடனே அலசுவதால் பயனில்லை. கிருமியோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் மருந்தின் ஒரு பகுதிதான். வெந்நீரில் கலந்தால் வேகமாக வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் உண்டு. சூடும் வெயிலும் அந்தத் திரவத்தைச் சிதைத்து வலிமை இழக்கச் செய்யும். பச்சைத் தண்ணீரே போதும். காலையில் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். கலங்கிச் சேறாகிவிட்டால் நேரம் பார்க்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கொட்டும்போது செடியின் வேரடியிலோ மீன் தொட்டிக்கு அருகிலோ கொட்டாதீர்கள்.

ஊறி எடுத்த பிளாஸ்டிக் சட்டியை இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் கவிழ்த்தால் வேலை முடிந்தது. மண்சட்டிக்கு அது போதாது. சுட்ட மண்ணில் நுண்துளைகள் ஏராளம். நோய்க்கிருமி ஒளிந்துகொள்ள வசதியான அந்தத் துளைகளே வெளுப்பு நீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகையால் மண்சட்டியை மருந்தில் சற்றுக் கூடுதலாக, அரை மணி நேரம் வரையில் ஊறவைப்பதும், அதன் பிறகு சுத்தமான தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மூக்கருகே பிடித்தால் மருந்து நெடி அடங்கும் வரையில் காயவிடுவதும் அவசியம். தகர டின்களுக்கு வெளுப்பு நீர் ஆகாது, துருவேறிவிடும்; அவற்றுக்குக் கொதிநீர் நல்லது.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் கொதிநீர்தான் வழி. பெரும்பாலான பூசணங்களும் பாக்டீரியாக்களும் 60 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் இருந்தால் அழிந்துவிடும். மொசைக் வைரஸுக்கு அந்தச் சூடு போதாது, கொதிநிலையை ஒட்டிய வெப்பம் வேண்டும். மண்சட்டியைக் கொதிக்கும் தண்ணீரில் நேரே இறக்கினால் விரிசல் விடும். பெரிய அண்டாவில் பச்சைத் தண்ணீரோடு சட்டியை வைத்து மெல்லச் சூடேற்றி, அதே தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் சட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்திருந்தால் அது பாலிபுரொப்பிலீன், வெந்நீரைத் தாங்கும். 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன், கொதிநீர் பட்டால் நெளிந்துபோகும். மெல்லிய பாலிபேக்கும் அப்படித்தான் சுருங்கிவிடும்.

வெயிலில் வைத்தாலே எல்லாம் செத்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, ஆனால் ஒப்புக்கொள்வதும் இல்லை. வெயில் உலர்த்தும், உலர்ந்தால் பல கிருமிகள் சாகும். தடித்த உறைக்குள் உறங்கும் வித்துகளுக்கு ஒரு மதிய வெயில் ஒன்றும் செய்யாது. போதாததற்கு, மழைக்காலத்தில் இங்கே காலையில் காயவைத்தது மாலை மழையில் நனைந்துவிடும். கடைசியில் உலர்த்துவதற்கு வெயில், அவ்வளவே.

எல்லாச் சட்டிக்கும் இத்தனை பாடு படவேண்டியதில்லை. ஆரோக்கியமாக வளர்ந்த கறிவேப்பிலையைப் பெரிய சட்டிக்கு மாற்றிவிட்டு, காலியான சட்டியில் பாண்டான் இலைச்செடியோ செரை என்னும் எலுமிச்சைப்புல்லோ வைப்பதானால் தேய்த்துக் கழுவினாலே போதும். விதை முளைக்க வைக்கும் சிறு சட்டிகளுக்கும், நோயால் செத்த செடி இருந்த சட்டிகளுக்கும், நர்சரியில் ஊர்பேர் தெரியாத செடியோடு வந்த சட்டிகளுக்கும் மருந்துக் குளியல் கட்டாயம். வாடல் நோயில் செத்த செடியின் பாலிபேக்கைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நேரத்துக்குப் பிடித்த கேடு. ஸ்டைரோஃபோம் பெட்டியும் அப்படியே: மணிமணியாக உதிரும் அதன் இடுக்குகளில் வேர் ஊடுருவிவிட்டால் எந்த நாரும் அங்கே போகாது. இரண்டையும் தயங்காமல் குப்பையில் போடலாம்.

கழுவி முடித்த சட்டிகளை அடுக்கி வைப்பதிலும் ஒரு காரியம் இருக்கிறது. ஏடிஸ் கொசு தண்ணீரின் நடுவில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடியும் மழைநீர் தொட்டவுடன் பொரிக்கும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க நம் வெக்கையில் ஒரு வாரம் பத்து நாள் போதும். சட்டியின் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் சுவரைத் தேய்க்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளர்வதைக் கண்டால் அபராதம் விதிக்கும் அதிகாரம் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. அவர்கள் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் காலிப் பூச்சட்டிகளைத்தான். எனவே கழுவிய சட்டிகளைக் கூரைக்கு அடியில் கவிழ்த்தே வைக்க வேண்டும். மண் தரையில் கவிழ்த்தால் கழுவிய பயன் போய்விடும். ஒரு பலகையின் மேல் வையுங்கள்.

நடும் நாளில் மண்சட்டியை மட்டும் மறுபடியும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். நன்றாகக் காய்ந்த சட்டி, போட்ட மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாட்களிலேயே கன்று வாடும். மேல்மண், மக்கிய எரு, மணல் ஆகியவற்றை 3:2:1 என்று கலந்து நிரப்பலாம். நோய் கண்ட பழைய மண்ணை இந்தக் கலவையில் சேர்க்காதீர்கள். இஞ்சிக்கும் வாழைக்கும்கூட ரால்ஸ்டோனியா வரும் என்பதால் அவற்றின் அடியிலும் கொட்ட வேண்டாம், புல்தரையில் பரப்பிவிடலாம். மிளகாய் வாடிச் செத்த சட்டியில், எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும், அடுத்ததாக மிளகாய், தக்காளி, கத்திரி மூன்றையும் தவிர்த்து ஒரு கீரையையோ பாண்டானையோ வைத்துவிட்டு, அந்த வகைச் செடிகளை அதற்கடுத்த நடவுக்குத் தள்ளிப்போடுவதே என் வழக்கம்.